இதயம் வடியும் நேரம்

"முதல்ல தலை… அதைத் தள்ளிவிடணும். அப்புறம் இதயம்… அதைப் பிடிச்சுக்கணும். கடைசியில வால்… வால் வந்தா இதயத்தை நிறுத்திடணும்…"

மழைக்கு ஒதுங்கிய பீப்பாய்க் கொட்டகையில் யாருமில்லை என்று நினைத்து, அவள் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதயத்தை யாருக்காக நிறுத்தறீங்க?"

கேட்டது ஒரு பீப்பாய்.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. படுக்கவைத்திருந்த பெரிய பீப்பாய் ஒன்றின் திறந்த வாயிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை மெல்ல வெளியே நகர்ந்தன… பிறகு ஒரு தோல் மேலங்கி… பிறகு ஒரு முகம். முகம் முழுக்கக் கரி. அதில் கண்கள் மட்டும் மழையில் கழுவின கூழாங்கல் மாதிரி பளபளத்தன. அந்தக் கண்கள் சிரித்தன. அதுதான் அவளுக்குக் கோபத்தை வரவழைத்தது.

"ஒட்டுக் கேட்டீங்களா?"

"நான் பாட்டுக்கு உள்ள கரி சுரண்டிட்டிருந்தேன். நீங்கதான் பக்கத்துல உட்கார்ந்து பாடம் ஒப்பிச்சீங்க."

"கரியை எதுக்குச் சுரண்டணும்?"

"பழைய கரியை எடுத்துட்டு மறுபடி தீ காட்டினாத்தாங்க விஸ்கிக்கு நிறம் வரும், வாசனை வரும். வடிகூடத்துக்காரங்க தண்ணி மாதிரி குடுக்கறதை நாங்கதான் விஸ்கி ஆக்கறோம்."

"ஓ… அப்ப நாங்க சும்மா?"

"அப்படிச் சொல்லலையே. பீப்பாய் வேலை முடிஞ்சதும் கிளம்பற வெளியாள் நான். நீங்க அந்த மூக்கிதானே?"

தொழிற்சாலையே அவளை மூக்கி என்றுதான் கூப்பிடும். எதிரே வருகிறவர் மதியம் என்ன சாப்பிட்டார் என்பதைப் பத்தடி தூரத்திலேயே சொல்லிவிடுவாள். இத்தனை நாள் அந்தப் பெயர் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்று ஏனோ காது சூடானது.

"விஸ்கி பிடிக்குமா உங்களுக்கு?" என்றான்.

"ஒரு சொட்டு குடிச்சதில்ல. மூக்குக்குத்தான் சம்பளம், நாக்குக்கு இல்ல."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். மழை விட்டிருந்தது. அவள் அதைக் கவனிக்க இன்னும் கொஞ்ச நேரமானது.

வெள்ளிக்கிழமை அவளுக்குச் சோதனை. முளைகட்டிய வாற்கோதுமையை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, புளிக்கவைத்து, செம்புக் கலத்தில் இரண்டு முறை காய்ச்சி வடிக்க வேண்டும். இரண்டாவது முறை வடிகிறபோதுதான் உயிர் போகிற வேலை. முதலில் சொட்டுவது தலை. நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி மூக்கில் ஏறும். அது போனதும் பேரிக்காயும் தேனும் கலந்ததுபோல் ஒரு மணம் வரும்… அது இதயம். பீப்பாய்க்குப் போவது அது மட்டும்தான். பல மணி நேரம் கழித்து நனைந்த அட்டை வாசனை வரும், அதன் பின்னாலேயே நனைந்த தோல் வாசனை. அதுதான் வால். அந்த நொடியில் கைப்பிடியைத் திருப்பி இதயத்தை வெட்டிவிட வேண்டும். வடிவதன் வீரியத்தைக் காட்டும் அளவுக் கருவியைச் சோதனையின்போது துணி போட்டு மூடிவிடுவார்கள். மூக்கை மட்டும் நம்ப வேண்டும்.

தேறினால் வேலை. தேறாவிட்டால் அண்ணனின் மருந்துக் கடை. ஆறு மாதம்தான் தருவேன் என்று சொல்லித்தான் அண்ணன் அனுப்பியிருந்தான்.

அடுத்த மூன்று நாளும் அவளுக்குக் கொட்டகைப் பக்கம் ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது. இல்லாவிட்டால் அவனுக்கு வடிகூடத்துப் பக்கம் இருந்தது…

வெள்ளிக்கிழமை மதியம். செம்புக் கலத்தின் சூட்டில் அறை தகித்தது. மேற்பார்வையாளர் அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் நிமிடத்துக்கு ஒருமுறை சிறு குவளையில் பிடித்து முகர்ந்தாள். பேரிக்காய்… தேன்… இன்னும் தேன்…

திடீரென்று தோல் வாசனை. நனைந்த தோல். சந்தேகமே இல்லை.

கைப்பிடியைத் திருப்பினாள்.

அம்மாள் துணியை விலக்கிக் கருவியைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"அரை மணி நேரம் முன்னாடியே வெட்டிட்டியேம்மா."

"தோல் வாசனை வந்துச்சு மேடம்… நிஜமா."

அம்மாள் குவளையை வாங்கி முகர்ந்தார். "தேனு சொட்டுது. இதுல எங்க தோலு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பீப்பாய்கள் தயார் என்று சொல்ல வந்தவன், வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்தான். வெளியே மழை. அவன் தோல் மேலங்கியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவனுக்கும் புரிந்துவிட்டது. "மேடம், அது வந்து…" என்று ஆரம்பித்தான்.

"என் தப்புதான் மேடம்," என்று அவள் வெட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம்," என்றார் அம்மாள். "அதோட சரி."

வெளியே வந்ததும் அவன் பின்னாலேயே வந்தான்.

"ஏங்க, நான் சொல்லியிருப்பேனே."

"என்னன்னு? உங்க வாசனை வந்ததும் எனக்குக் கை தடுமாறிடுச்சுன்னா? ஃபேக்டரியே சிரிக்கட்டும்னா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். உங்க வேலை போகுதே."

"என் வேலையை நான் பார்த்துக்கறேன். நீங்க இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

கூழாங்கல் கண்கள் ஒரு கணம் மங்கின. "சரிங்க," என்றான். அவ்வளவுதான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பாவி, அப்படிக் காப்பாற்றியிருக்க வேண்டாம். சனி, ஞாயிறு, திங்கள்… கிடங்கு வழியாகப் போகும்போதெல்லாம் மூன்றாம் வரிசையில் ஒரு பீப்பாயின் பக்கத்தில் அவன் குனிந்திருப்பது தெரியும். நிமிர மாட்டான். சுத்தியல் சத்தம் மட்டும் அவள் பின்னாலேயே வரும்.

திங்கள் மாலை அண்ணன் போனில் கூப்பிட்டான். "கல்லாவைத் துடைச்சு வச்சுட்டேன். மகாராணி எப்ப வர்றீங்க?"

"போடா."

"போடாவா? அப்ப பாஸாகற ஐடியா இருக்கு." அவன் குரல் தணிந்தது. "என்ன பயம் உனக்கு? மூக்கு வேலை செய்யலையா?"

"மூக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ரொம்ப நல்லா…"

சொன்னபோதுதான் அவளுக்கே உறைத்தது. வெள்ளிக்கிழமை அவள் முகர்ந்தது பொய்யான வாசனை இல்லை. அவ்வளவு பெரிய கலத்தின் ஆவிக்கு நடுவில், முதுகுக்குப் பின்னால் நின்ற ஒருவனை அவள் மூக்கு கண்டுபிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கம்… அந்த வெட்கத்துக்கு வேலையை விலையாகக் கொடுப்பதா?

செவ்வாய்க்கிழமை, கைப்பிடியைத் தொடும் முன் அம்மாளிடம் போய் நின்றாள்.

"மேடம், அன்னைக்கு வந்தது பீப்பாய்க்காரரோட தோல் அங்கி வாசனை. அவர் பின்னாடி நின்னாரு. அவர் வாசனைன்னு எனக்குப் பிரிச்சுத் தெரியல."

அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். உதட்டோரம் துடித்தது. "வேலை செய்யற இடம்னா நாலு பேர் வரத்தான் செய்வாங்க. ஒவ்வொருத்தரையும் வெளிய நிறுத்த முடியுமா?" வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "யாராவது அந்தப் பீப்பாய்க்காரரை வரச் சொல்லுங்க. அங்கியை நனைச்சுக்கிட்டு வரணும்னு சொல்லுங்க."

வந்தான். சொட்டச் சொட்ட நின்றான். திருட்டு முழி முழித்தான்.

"அங்கேயே நில்லுங்க. அசையக் கூடாது," என்றார் அம்மாள்.

அவள் முகர்ந்தாள். தேன்… தேனுக்கு மேல் தோல்… அதில் மழை இருக்கிறது, கரி இருக்கிறது. அது அவன். தள்ளி வைத்தாள். மறுபடி… தேன், அவன்… தேன், அவன்… நேரம் ஊர்ந்தது. கழுத்தில் வியர்வை இறங்கியது. தேன் மெலிந்தது. நனைந்த அட்டை எட்டிப் பார்த்தது… அதன் பின்னால் இன்னொரு தோல். மழையில்லாத, கரியில்லாத, வெறும் பழைய செருப்புத் தோல்.

திருப்பினாள்.

துணியை விலக்கிய அம்மாள் வெகுநேரம் கருவியைப் பார்த்தார். "நான் இருந்தாலும் இங்கதான் வெட்டியிருப்பேன்," என்றார். "நாளைல இருந்து காலை ஷிஃப்ட் உன்னோடது."

அண்ணனுக்கு இரண்டே சொல்லில் செய்தி அனுப்பிவிட்டு அவள் கிடங்குக்கு ஓடினாள். அவன் கருவிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"கிளம்பறீங்களா?"

"ஆமாங்க. இனி என்ன சாக்கு சொல்றது?" அவன் நிமிரவில்லை. "ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். என் வேலை சனிக்கிழமையே முடிஞ்சிருச்சு. இந்தப் பீப்பாய் கசியுதுன்னு மேடம்கிட்ட சொல்லித்தான் மூணு நாளா இருக்கேன். வராதேன்னுட்டீங்க… போகவும் மனசு வரல. கசிவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா தட்டிக்கிட்டிருந்தேன்."

"தெரியும்," என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"தினம் நாலு தடவை இதைத் தாண்டிப் போனேன். கசிஞ்சிருந்தா எனக்கு வாசம் வந்திருக்காதா?"

"அப்ப… மேடம்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் பீப்பாயின் மேல் கை வைத்தாள். அவன் கைக்கு ஒரு விரல் தூரத்தில்.

"சொன்னா உங்களை அனுப்பிடுவாங்களே…"