மூன்றாவது சிவப்பு

கடல்சுவருக்குள் இறங்குமுன் எல்லோரும் மணிக்கட்டை நீட்ட வேண்டும். மேஸ்திரி மாசிலாமணி பொறாமைமானியை மாட்டிவிடுவார். அது கம்பெனி வைத்த பெயர். தூத்துக்குடிச் சுவரில் வேலை செய்கிற நாங்கள் திருஷ்டிப் பட்டை என்போம். பச்சை எரிந்தால் இறங்கலாம். கூட வேலை செய்கிற ஆளைப் பார்த்து வயிறு எரிந்தால் சிவப்பு. யாரைப் பார்த்து என்பதும் அந்தச் சனியனுக்குத் தெரியும்.

ஒரே ஆள்மேல் மூன்று சிவப்பு விழுந்தால் மாற்றல். எரிந்தவனுக்கு இல்லை, எரியவைத்தவருக்கு. பத்துப் பேர் வயிற்றைக் குளிரவைப்பதைவிட ஓர் ஆளைப் படகில் ஏற்றுவது சுலபம் என்று எவனோ படித்தவன் கண்டுபிடித்திருக்கிறான்.

பிரின்சி வந்து நான்கு மாதம். சுத்தியலால் தட்டி, காதை வைத்து, நான் அரை நாள் தேடுகிற கசிவை அவள் இரண்டு தட்டில் பிடிப்பாள். அவள் பூசிய இடத்தில் விரலை ஓட்டினால் பழைய சுவர் எது, பூச்சு எது என்று தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் இரண்டு சிவப்பும் என்னுடையவைதான். மறைக்க என்ன இருக்கிறது?

இன்னொன்று விழுந்தால் அவளுக்கு நடுக்கடல் சுவர். அங்கே குழந்தைகளை ஏற்றமாட்டார்கள். அவள் மகளுக்கு ஏழு மாதம்.

"அண்ணாச்சி, அவ பக்கமே பாக்காதேயும். பால்குடிப் புள்ள வே," என்றார் மாசிலாமணி.

"நா என்ன வேணும்னா செய்யுதேன்? இந்தப் பட்டைய அத்துக் கடல்ல போடும்."

"பட்டைய அத்துரலாம். உம்ம வயித்தெரிச்சல?"

அன்று பிரின்சி பூசியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கோணலும் மாணலுமாக வழிந்து கிடந்தது.

"என்ன பிள்ள, கையில சுளுக்கா?" என்றான் ஒருவன்.

"இன்னைக்கு சரியா வரலண்ணே," என்று தலையைக் குனிந்தாள்.

என் பட்டை பச்சையாகவே இருந்தது. பொய் சொல்லமாட்டேன், உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

அப்படியே விட்டால் கசியும் என்று திருத்தப் போனேன். தட்டினேன். சத்தம் கெட்டியாக வந்தது. காதை வைத்து மறுபடி தட்டினேன். ஒரு பொத்தல் இல்லை. மேலேதான் அசிங்கம், உள்ளே சொட்டு நுழையாது. எவ்வளவு கெடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து கெடுத்திருக்கிறாள். எனக்கும் நன்றாகப் பூசத் தெரியும். இப்படிக் கெடுக்க ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது.

மணிக்கட்டு சுட்டது. சிவப்பு.

பிரின்சி அதைப் பார்த்துவிட்டாள்.

"எதுக்கு அண்ணாச்சி தட்டிப் பாத்திய?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

மறுநாள் காலையில் படகு வந்தது. புருஷன் கையில் குழந்தை வீறிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாசிலாமணி என் பட்டையைப் பார்த்து, "பச்சை. இறங்கும்," என்றார்.

இறங்கினேன். கீழே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லாம் பழைய ஆட்கள். வேலையில் கைதேர்ந்தவர்கள் எப்போதோ படகேறிவிட்டார்கள். நான் இங்கே இருபத்தாறு வருஷம். இதுவரை என்மேல் ஒரு சிவப்புகூட விழுந்ததில்லை.