வெறும் தட்டு

திங்கள் காலை 9.40. மஞ்சூர் சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தின் தீபாவளி போனஸ் மொத்தமும் மாயமாகியிருந்தது. பிளாக்செயினில் ஏற்றியிருந்த ஸ்மார்ட் கான்ட்ராக்ட், ஆளே தேவையில்லாமல் இலைக்குப் பணம் பிரித்துத் தரும் அந்த ஒப்பந்தம், முழுவதையும் முகம் தெரியாத ஒரு கணக்குக்கு அனுப்பிவிட்டது.

அதை எழுதியவன் கிருத்திக். வெளியே கூட்டம் கத்தியது. சங்க அலுவலக பெஞ்சில் அவன் மனைவி ராஜப்ரியா அவனையே பார்த்தாள். ஒரு வாரமாக இவன் ஏன் லேப்டாப்பை மறைத்தான்?

"ஓட்டை எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர் வாசுகி.

"மூட்டைக்கு ரெண்டு கிலோ சாக்கு எடைன்னு ஒப்பந்தம் கழிச்சுருங்க மேடம். ஒரு கிலோ இலைன்னு பதிஞ்சா மைனஸ் வரணும். ஒப்பந்தத்துக்கு மைனஸ் தெரியாது, கோடிக்கணக்கான கிலோன்னு எடுத்து இருக்கிற பணத்தையெல்லாம் அனுப்பிரும். போன வாரம் நாங்க மூணு பேருமே இந்த ஓட்டையைப் பார்த்தோம். ஏத்தினதைத் திருத்த முடியாது. புதுசு எழுதிட்டிருந்தேன், ஊட்ல கூடச் சொல்லலைங்க."

மற்ற இருவர் எடைக்காரர் சில்வஸ்டரும் செயலாளர் கருணாகரனும். எடை பதிய மூவருக்கும் ஒரே பாஸ்வேர்டு.

வாசுகி ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார். மற்ற இருவரும் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றார்கள்.

"எடையை எப்படி ஆரம்பிப்பீங்க?"

கிருத்திக்: "முதல்ல தராசோட வெறும் தட்டைப் பதியணுங்க."

சில்வஸ்டர் சிரித்தார். "வெறும் தட்டு பூஜ்யம் காட்டாம மூட்டையை வெச்சா சனம் என்னையத் தூக்கித் தட்டுல வெச்சுருமுங்க!"

கருணாகரன்: "மூட்டையை வெப்பாங்க, பதிவாங்க. வேறென்னங்க?"

10.25. வாசுகி மூவரையும் நிறுத்தினார். "திருட்டு நடந்தது இன்னிக்கு. ஆனா நேத்து, ஞாயித்துக்கிழமை, அதே ஒரு கிலோவை யாரோ பதியப் பார்த்து ஒப்பந்தம் மறுத்திருக்கு. தோத்த முயற்சியும் பிளாக்செயின்ல அழியாது. ஏன் மறுத்துச்சு, கிருத்திக்?"

"அன்னன்னிக்குக் காலையில வெறும் தட்டு பதியலைன்னா எதையும் ஏத்துக்காதுங்க."

"அது தெரிஞ்ச ரெண்டு பேரும் எடையே போடாத லீவு நாள்ல முயற்சி பண்ணியிருக்க மாட்டாங்க. தினமும் பதினோரு மணிக்கு ஆபீஸ் வர்ற செயலாளர் காலை எடையைப் பார்த்ததே இல்லை. இன்னிக்கு சில்வஸ்டர் தட்டைப் பதிஞ்சதும் உங்களுக்கு வழி திறந்துருச்சு. போனைக் குடுங்க கருணாகரன். அந்தக் கணக்கைத் திறக்கிற ரகசியச் சாவி உள்ளதானே இருக்கு?"

கருணாகரனின் கை சட்டைப்பையை இறுக்கியது. கான்ஸ்டபிள் அதை விலக்கினார்.

வெளியே வந்த கிருத்திக் மனைவியின் முன் நின்றான். "நீயும் சந்தேகப்பட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாங்க," என்றாள் ராஜப்ரியா.

 அவன் அவளை ஒட்டி பெஞ்சில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து அவள் மடியில் வைத்தான்.