செலவு நாற்பது, விற்பனை இரண்டு

இக்னேசியஸ் கதிரையில் சாய்ந்திருந்தான். எதிரே டிவியில், வாள் ஏந்திய வீரன் கட்டளைக்குக் காத்து நின்றான்.

கட்டளையிட வேண்டியவனின் பின்மண்டை பிளந்திருந்தது!

2005. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் தெரு. மணித்தியாலத்துக்கு முப்பது ரூபாய் வாங்கும் வீடியோ கேம் கடை. காலை எட்டு மணி.

இன்ஸ்பெக்டர் இராசதுரை பிணத்தின் கையிலிருந்த தாளை உருவினார். முகம் மாறியது.

"ஆர்.பி.ஜி... செலவு நாப்பது மில்லியன் டொலர். விற்பனை ரெண்டு மில்லியன்."

இக்னேசியஸின் அக்கா மரியமலர் தாளை எட்டிப் பார்த்தாள். தம்பியின் கையெழுத்தேதான்.

ஆர்.பி.ஜி.! கவச வாகனத்தையே பிளக்கும் ராக்கெட் குண்டு. பால்குடி மறவாத பிள்ளைக்கும் இந்த ஊரில் அந்தப் பெயர் தெரியும்.

"ஐயா, அவன் சீனவெடி கொளுத்தவே பயந்தவன்!"

"ஆயுத வியாபாரியின்ர பிரேதத்தை உடனே தரேலாது அக்கா. கொழும்புக்கு அறிவிக்கோணும்."

"நாளைக்கு அடக்கப் பூசை சொல்லியாச்சு ஐயா..."

"பூசையைப் பிந்திப் போடுங்கோ."

பக்கத்துத் தையல்கடை யோகலிங்கம் வாசலில் கைகட்டி நின்றான். பிணத்தை முதலில் கண்டவன். 'இந்தக் கடைக்குள் முன்பு கால் வைத்ததில்லை, கேம் என்றால் என்னவென்றே தெரியாது' என்று வாக்குமூலத்தில் சற்றுமுன்தான் கையெழுத்து வைத்தவன்.

இராசதுரை உதட்டைப் பிதுக்கினார்.

"நாப்பது போட்டு ரெண்டு எடுத்திருக்கிறான். முப்பத்தெட்டு மில்லியன் நட்டம்! இப்பிடியொரு மொக்கு வியாபாரியை நான் காணேலை."

யோகலிங்கத்தின் தாடை துடித்தது. அடக்கினான். முடியவில்லை.

"நட்டமில்லை ஐயா!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"ரெண்டு மில்லியன் டொலர் இல்லை... ரெண்டு மில்லியன் டிஸ்க்! ஒண்டு அம்பது டொலர். நூறு மில்லியன் வருமானம்! ஆர்.பி.ஜி. எண்டால் ஒரு வீரனா மாறி விளையாடுற கேம். எது என்ன செலவில செஞ்சு எவ்வளவு உழைச்சதெண்டு எழுதுறதுதான் இவன்ர விசர்..."

நிறுத்தினான். பிந்திவிட்டது.

மரியமலர் மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி... கேம் எண்டால் என்னெண்டே தெரியாதெண்டு இப்பதானே கையெழுத்து வச்சனீர்?"

யோகலிங்கத்தின் பார்வை டிவியில் நின்ற வீரனிடம் போனது.

"அறுபது மணித்தியாலம் அக்கா!" அவன் குரல் உடைந்தது. "அறுபது மணித்தியாலம் விளையாடி மெமரி கார்ட்டில சேத்து வச்சனான். கடைசி அசுரனுக்கு முன்னால நிண்டனான்... இவன் கார்ட்டில இடம் போதாதெண்டு அதை அழிச்சுப்போட்டுச் சிரிச்சான்!"

"தாளைக் கையில செருகினதும் நீர்தானோ?" என்றார் இராசதுரை.

"ஓம். அந்த மூண்டு எழுத்தைக் கண்டால் நீங்கள் வேற ஒண்டும் தேடமாட்டியள் எண்டு..."

இராசதுரை இருமினார். பிறகு விலங்கை மாட்டினார்.

"பிரேதத்தைக் கொண்டுபோங்கோ அக்கா."

"அந்தத் தாளையும் தாங்கோ. பெட்டிக்குள்ள வைக்கோணும்."

"ஏலாது. அது சாட்சி."

தாளைக் கவனமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஆர்.பி.ஜி. குறி தப்பினதை எத்தினையோ தரம் பாத்திட்டன் அக்கா. ஏவினவனிலேயே திரும்பி விழுந்ததை இண்டைக்குத்தான் பாக்கிறன்!"