கல் கிடந்த இடம்

இந்தக் காலத்து லாரிக்காரர்களுக்குக் கொஞ்சமும் பொறுப்பு இல்லை. வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் கல் வைக்கிறார்கள். புறப்படும்போது அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். பின்னால் சைக்கிளில் வருகிறவன் அதில் மோதிப் பல்லை உடைத்துக்கொண்டால் யார் கேட்பது? நான் முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினேன். ஒரு கல்லைக்கூட ரோட்டில் விட்டதில்லை. சரி, இரண்டு மூன்று இருக்கலாம். அதற்கு மேல் இல்லை.

அன்று காலை என் பக்கத்து வீட்டுப் பஞ்சர் கடையில் உட்கார்ந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பஞ்சர்க்காரம்மா காது கொடுக்கவில்லை. கம்ப்ரஸரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டயருக்குக் காற்றடிக்கும் அந்த இயந்திரத்தை வாங்க ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருவதாக இருந்தது. விற்கப் போகிற பொருளை எதற்கு இப்படித் தேய்க்கிறாய் என்று கேட்டேன். இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

விஷயம் இதுதான். முன்பெல்லாம் எல்லா லாரியும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அதற்கு முந்தின மாதம்தான் ஊரைச் சுற்றிப் புதிய ரோடும் அகலமான பாலமும் திறந்தார்கள். அன்றோடு ஊருக்குள் லாரி வருவது நின்றது. லாரி இல்லாத ஊரில் பஞ்சர் கடை எதற்கு? அவளுடைய அண்ணன், தூரத்து நகரத்தில் ஒரு துணி ஆலையில் அவளுக்கு வேலை பார்த்து வைத்துவிட்டார். கம்ப்ரஸரை விற்றதும் அம்மாவும் மகளும் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

மகளுக்குப் பதினொரு வயது. அவளை ‘வால்வு’ என்றுதான் கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் பேச்சு காற்று மாதிரி வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒரு வாரமாக அந்த வால்வு இறுக மூடியிருந்தது. பரீட்சை லீவில் விளையாடக்கூடப் போகாமல் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் கல்லைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டதும் தலையைத் தூக்கினாள்.

“தாத்தா, அந்தக் கல்லு எங்க கிடக்குது?”

“எங்க கிடந்தா உனக்கென்ன?”

“சொல்லுங்க தாத்தா.”

சொன்னேன். புதிய ரோட்டில், மலை இறங்கி முடிகிற இடத்தில். நடக்கப் போனபோது இடித்து என் கால் கட்டைவிரல் நகமே பெயர்ந்தது. ஒன்று இரண்டு இல்லை, ஓரமெல்லாம் கல்.

“அப்போ அங்கதான் லாரி நிக்குது,” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. புதிய ரோட்டில் கடை போட நினைத்தவர்கள் எல்லாரும் நாலு ரோடு சேரும் சந்திப்பில் இடம் பிடிக்கத்தான் அடித்துக்கொண்டார்கள். எல்லாரும் படித்தவர்கள். மலையடியில் என்ன இருக்கிறது? முள்ளும் ஓணானும். அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

“சந்திப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. யாராவது போய்ப் பார்த்தாங்களா?” என்று கேட்டாள்.

யாரும் பார்க்கவில்லைதான். அதை நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

மறுநாள் காலை நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெரிய ரோடு, தனியாக விட முடியாது, நீங்கள் கூடப் போங்கள் என்று பஞ்சர்க்காரம்மா என் தலையில் கட்டினாள். சந்திப்பில் ஓரமாக ஒரு மண்மேட்டில் உட்கார்ந்தோம். நான் குடையைப் பிடித்துக்கொண்டேன். மதியம் வரை நூறு லாரிக்கு மேல் போயிருக்கும். நின்றது இரண்டு. ஒருவர் போன் பேச நின்றார். இன்னொருவர் எங்களிடம் வழி கேட்க நின்றார். மற்றவர்கள் எல்லாம் வேகம் பிடித்துப் பறந்தார்கள்.

அடுத்த நாள் மலையடி. அதே நேரம், அதே குடை. அவள் கணக்குப்படி நின்ற லாரி நாற்பத்தொன்று. இவள் ஒரே வண்டியை இரண்டு தடவை எழுதியிருப்பாள் என்ற சந்தேகத்தில் நானும் மனசுக்குள் எண்ணினேன். எனக்கு நாற்பத்து மூன்று வந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

வால்வு சும்மா இருப்பாளா? இறங்கிய டிரைவர் ஒருவரிடம் போய், ஏன் இங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்டாள். பாரத்தோடு மலை இறங்கினால் பிரேக் அடுப்பு மாதிரி கொதிக்குமாம், அது ஆறாமல் போகக் கூடாதாம். மலை ஏறப் போகிறவர்களும் நிறுத்தி டயரைப் பார்த்துக்கொள்வார்களாம், நடுமலையில் நின்றால் உதவிக்கு ஆள் கிடையாதாம். இது எனக்குத் தெரியாதா? என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

“நீங்க ஓட்டும்போது எங்க நிறுத்துவீங்க தாத்தா?”

“நம்ம ஊர்லதான். வேற எங்க?”

“ஏன்?”

பழைய பாலத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். ஆறு இரண்டு பாறைக்கு நடுவே ஒடுங்குகிற இடம் பார்த்துக் கட்டியது. எதிரே வண்டி வந்தால் இந்தப் பக்கம் முப்பது, நாற்பது லாரி வரிசையில் காத்திருக்கும். அந்த நேரத்தில் பிரேக் ஆறும், டயர் பார்ப்போம், டீ குடிப்போம், முடி வெட்டிக்கொள்வோம். இதைச் சொன்னதும் அவள் பென்சிலைக் கடித்தபடி என்னையே பார்த்தாள்.

“அப்போ நம்ம ஊரே லாரி காத்திருந்ததால வந்ததா தாத்தா?”

கோபம் வந்துவிட்டது. எங்கள் ஊர் உழைப்பாளிகளால் வந்தது, நல்ல மனிதர்களால் வந்தது என்று சத்தமாகவே சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை.

அன்று சாயங்காலம் நோட்டை அம்மா முன்னால் விரித்து வைத்தாள். கம்ப்ரஸர் டீசலில் ஓடுவதுதான், மின்சாரம் வேண்டாம், ஒரே ஒரு நாள் போய்ப் பார்ப்போம் என்றாள். நின்ற லாரிக்கு ஒன்றாக அவள் போட்டிருந்த கோடுகளைப் பஞ்சர்க்காரம்மா விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள்.

“சனிக்கிழமை ஒரு நாள். அதுக்கு மேல பேசக் கூடாது.”

“பேச மாட்டேன்மா.”

சனிக்கிழமை விடியும்போது கம்ப்ரஸரைத் தள்ளுவண்டியில் ஏற்றி மூன்று கிலோமீட்டர் தள்ளினோம். நானும்தான் தள்ளினேன். நம்பாமல்தான் தள்ளினேன்.

மதியம் வரை லாரிகள் வந்தன, நின்றன, போயின. டிரைவர்கள் டயரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லை விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பஞ்சர்கூட இல்லை. நான் அப்போதே சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பஞ்சர்க்காரம்மா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள் காற்றுக் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

வால்வு இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ரோட்டுப் பக்கம் போகாதே, மண் பக்கமாகவே போ என்று அம்மா அதட்டினாள். அவள் மண் ஓரமாகவே போய், நின்றிருந்த லாரியின் டிரைவரிடம் உங்கள் டயரைத் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். தட்டிக்கோ பாப்பா என்று அவர் சிரித்தார்.

லாரிக்குப் பின்பக்கம் டயர் ஜோடி ஜோடியாக இருக்கும். வெளி டயர் கண்ணுக்குத் தெரியும், உள் டயர் தெரியாது. அவள் கம்பியை உள்ளே விட்டுத் தட்டினாள். நல்ல டயர் ‘டங்’ என்று துள்ளியது. அடுத்தது ‘தொப்’ என்றது.

“அண்ணா, உள் டயர்ல காத்தே இல்ல. வெளி டயர் ஒண்ணுதான் எல்லா பாரத்தையும் தாங்குது.”

டிரைவர் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. இத்தோடு மலை ஏறியிருந்தால் வெளி டயரும் வெடித்திருக்கும் என்று எனக்குக்கூடத் தெரிந்தது. பஞ்சர்க்காரம்மா குழாயை மறுபடி பிரித்தாள். ஜாக்கி போட்டு, டயரைக் கழற்றி, விரல் நீள ஆணியை உருவி எடுத்தாள். அதைப் பார்த்து அடுத்த லாரிக்காரர், என்னுடையதையும் தட்டிப் பார் பாப்பா என்றார். அடுத்தவரும் கூப்பிட்டார். இருட்டுவதற்குள் ஏழு பஞ்சர்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரஸர் வாங்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, இது விற்பனைக்கு இல்லை என்று பஞ்சர்க்காரம்மா சொல்லிவிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். வால்வு அன்று பேச ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை.

இதெல்லாம் நடந்து ஐந்து மாதம் ஆகிறது. மலையடிக்கே போய்விட்ட பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வந்தது. பிறகு வெல்டிங் பட்டறை. ஒரு முடிவெட்டுகிறவர் நாற்காலியும் கண்ணாடியுமாக வந்து இறங்கினார். மினி பஸ்ஸும் நிற்கத் தொடங்கிவிட்டது. நேற்று நடக்கப் போனபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்த வால்வு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“பார்த்தீங்களா தாத்தா? ஊர் ஆரம்பிச்சிடுச்சு.”

“நாலு கடை இருந்தா ஊரா? ஊருன்னா தெரு வேணும். சண்டை போடப் பக்கத்து வீடு வேணும்.”

“சண்டை வந்தாச்சே. டீக்கடை மாமாவும் வெல்டிங் மாமாவும் காலையில நிழலுக்குச் சண்டை போட்டாங்க.”

நிழலுக்குச் சண்டை போட்டால் ஊர் ஆகிவிடுமா? மனுஷன் மனசு வைக்காமல், ரோடும் மலையும் ஆறும் சேர்ந்து ஊரை உண்டாக்கும் என்று இவள் சொல்வதை நான் நம்பத் தயாராக இல்லை. அதை அவளிடம் சொல்லிவிட்டு நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும், தலையில் காய்கறிக் கூடையோடு ஒரு பெண் எதிரே வந்தாள்.

“பெரியவரே, மலையடி ஊருக்கு எப்படிப் போறது?”

“அப்படி ஒரு ஊரே கிடையாது,” என்றேன்.

கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.