எந்தக் கூட்டமுங்க?

“ஏனுங்க... இந்தச் சேர்ல ஆராச்சும் வாராங்களா? என்ற சேருக்கு ஒரு கால் ஆடுதுங்க.”

சிங்கப்பூரில், பத்தாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்த திறந்தவெளி மைதானத்தில், அந்த ‘ஏனுங்க’ மட்டும் சாந்தாமணியின் காதில் தனியாக விழுந்தது. திரும்பினாள். முப்பது வயதைத் தாண்டியவன். சட்டைப் பையில் பேனா. மழை வருமா என்று வானத்தைப் பார்த்துப் பழகிய கண்கள்...

அந்தச் சேரில் அவளுடைய கைப்பை இருந்தது. நன்றாக விற்ற டீலர்களை பம்ப்செட் கம்பெனி நான்கு நாள் சுற்றுலா அழைத்து வந்திருந்தது. கோவைக்காரர்கள் ஒரு ஓட்டல், ஈரோட்டுக்காரர்கள் வேறு ஓட்டல். முதல் நாள் மாலை, எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பாட்டுக் கச்சேரி. கணவனுக்கும் மனைவிக்குமாக டீலருக்கு இரண்டு டிக்கெட். அப்பா போன பிறகு தொண்டாமுத்தூர்க் கடையை நடத்துகிற சாந்தாமணிக்கும் இரண்டு வந்திருந்தது. இரண்டாவது டிக்கெட்டில் பை உட்கார்ந்திருந்தது.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பேரு தம்பிதுரைங்க. ஈரோடு. நாங்க காடை கூட்டம். நீங்க எந்தக் கூட்டமுங்க?”

காலையிலிருந்து நான்கு பேர் கேட்டுவிட்டார்கள், தனியாவா வந்தீங்க என்று. இவனும் கேட்பான். கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை. பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. அதைச் சொல்லிவிட்டால் எந்த ஆணும் ஓர் அடி தள்ளித்தான் நிற்பான்.

“நாங்களும் காடைதானுங்க, அண்ணா.”

அவன் கண்கள் ஒரு கணம் மங்கின... அப்படி அவளுக்குத் தோன்றியது.

“அப்படீங்களா. பேருலயே தம்பி இருக்குது. அண்ணாங்கறீங்க.”

சிரித்துவிட்டாள். கடைசியாக எப்போது சிரித்தோம் என்று யோசித்தாள். நினைவு வரவில்லை.

மேடையில் வெள்ளிச் சட்டை போட்ட ஒருத்தி இங்கிலீஷில் பாடினாள். இரண்டு பாட்டுக்குள் டீலர்களின் மனைவிகளுக்குக் காது வலித்தது. கணவன்மாரை இழுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய்விட்டார்கள். பிறகு மழை வந்தது. டீலர்கள் வரிசை முழுக்க நனைகிற காலி நாற்காலிகள். நடுவில் இரண்டு பேர். அவன் குடையை விரித்து, கையை முழுக்க நீட்டி அவள் தலைக்கு மேல் பிடித்தான். அவன் குடைக்கு வெளியே.

“நனையறீங்களே?”

“ஈரோட்டுல இந்த மழையை எப்பப் பாக்கறதுங்க.”

பாட்டு மெதுவானது. சாந்தாமணி கேட்டாள்.

“என்ன சொல்லுதுங்க அந்தப் புள்ள?”

“ஆரோ உட்டுட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குது.”

“இங்கிலீஷு வருமுங்களா?”

“மூஞ்சியப் பாத்தா தெரியுதுங்களே.”

அவன் மேடையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை விட்டதும் ஒரு சீனக் கிழவர் காடை முட்டை விற்றுக்கொண்டு வந்தார். அவித்த முட்டை, புள்ளி போட்ட ஓடு. அவள் ஒரு பொட்டலம் வாங்கி நீட்டினாள். அவன் முட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“நீங்க சாப்பிடுங்க அம்மணி.”

நான்கு தின்றாள். அவன் உதட்டோரம் ஏதோ சிரிப்பு. பசியைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் அவள் சொன்ன பொய் அவளைவிட வேகமாக நடந்தது. அவிநாசி டீலரின் மனைவி மாசாணியம்மாள், “அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணா உக்காருங்க” என்று பஸ்ஸில் இடம் ஒதுக்கினாள். தம்பிதுரை அவள் பெட்டியைத் தூக்கினான். அவள் ‘அண்ணா’ என்றாள். ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் தணிந்தது.

பொய் என்று சொல்லிவிடலாம். இப்போது ஏன் மாற்றிச் சொல்கிறாய் என்று கேட்டால்? பதில் இருந்தது... வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இல்லை. பெண் பார்க்க எட்டுப் பேர் வந்து, எட்டுப் பேரும் கடையை மூடச் சொன்ன பிறகு, யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று இருந்தவள் அவள்.

சுற்றுலா முடிந்து, சென்னையிலிருந்து கோவை எக்ஸ்பிரஸ். ஜன்னலோரம் அவள். நடு இருக்கையில் கைப்பை. அந்தப் பக்கம் அவன். சேலம் தாண்டியதும் கேட்டான்.

“கடைய இப்ப ஆரு பாத்துக்கறாங்க?”

“பூட்டுதானுங்க.”

“ஊட்டுல?”

“அங்கயும் பூட்டுதானுங்க.”

அவன் தன் பையைத் தொட்டுக் காட்டினான். “எங்கூட்டுச் சாவியும் என்ற பையிலதான் இருக்குதுங்க.”

ஈரோடு. உச்சி வெயில்.

“வாரேனுங்க, அம்மணி.”

இறங்கிப் போனான். அம்மணி... நான்கு நாளில் அவன் ஒரு முறைகூட அவளைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

வண்டி ஊதியது. இனி அவன் போய்விடுவான். மறுபடி ஒரு பூட்டைத் திறந்து, இன்னொரு பூட்டைத் திறந்து...

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“ஏனுங்க!”

அண்ணா என்று வரவில்லை. அவன் திரும்பி வந்தான்.

“நாங்க காடை இல்லீங்க. ஆந்தை கூட்டம். அன்னிக்குப் பயந்துட்டுப் பொய் சொல்லிப்போட்டேன். இனி... உங்கள அண்ணானு கூப்பிட என்னால ஆகாதுங்க.”

“தெரியுமுங்க.”

“எப்படி?”

“காடை கூட்டத்துக்காரங்க காடையத் தொடமாட்டோம். நீங்க நாலு முட்டை தின்னீங்க.”

கண்கள் நிறைந்துவிட்டன. கோபமும் வந்தது. “தெரிஞ்சும் ஏனுங்க சும்மா இருந்தீங்க?”

“நீங்க போட்ட வேலிங்க. நீங்கதான் பிரிக்கோணும். அன்னிக்கு மழையிலயே மனசு உங்ககிட்ட வந்துருச்சு. வேலிக்கு இந்தப் பக்கமே நின்னுக்கிட்டேன்.”

வண்டி நகர்ந்தது. அவன் கூடவே நடந்தான்.

“கடைய மூடச் சொல்லுவீங்களா?”

“நீங்க வித்தது முந்நூறு மோட்டார். நான் இருநூத்திப்பத்து. ஆரு கடைய மூடறதுன்னு நீங்களே சொல்லுங்க!”

அழுகையோடு சிரித்தாள். அவன் இப்போது ஓடிக்கொண்டிருந்தான்.

“வெள்ளிக்கிழமை பொண்ணு கேட்டு வாரேன்! ஆரக் கேக்கோணும்?”

“என்னையத்தான் கேக்கோணும்!”

பிளாட்பாரம் முடிந்தது.

நடு இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோவை வரை அந்த இருக்கை காலியாகவே வந்தது.