மஞ்சள் பட்டன்

அந்தப் பிளாஸ்டிக் கிட்டாரின் கழுத்தை அவள் பிடித்த அதே நொடியில், இன்னொரு கை அதன் வாரைப் பிடித்தது.

நிமிர்ந்தாள். மழையில் நனைந்த முடி... லிஃப்ட் கம்பெனிச் சட்டையில் கிரீஸ் கறை... சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்.

"நான்தான் முதல்ல பார்த்தேன்" என்றான்.

"பார்த்தது நீங்க. எடுத்தது நான்."

டிவியில் பாட்டு ஓட ஓட, திரையில் இறங்கி வரும் வண்ணப் புள்ளிகளுக்கு ஏற்றபடி கிட்டாரின் ஐந்து வண்ணப் பட்டன்களை அழுத்த வேண்டிய விளையாட்டு அது. இப்போது யாரும் அதைத் தயாரிப்பதில்லை. ஊரையே சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. பழைய சாமான் கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். இருப்பதிலேயே கடினமான பாட்டைக் கடை டிவியில் இருவரும் வாசிக்க வேண்டும். யார் அதிக தூரம் போகிறாரோ, கிட்டார் அவருக்கு.

அவளுக்கு அது விளையாட்டே இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் அவள். ஆறு மாதத்துக்கு முன் உடைந்த கண்ணாடி ஒன்று இடது மோதிர விரலை ஆழமாக வெட்டியது. காயம் ஆறியது, விரல்தான் மடங்க மறுத்தது. முதலாளி அவளை வரவேற்பு மேஜையில் உட்காரவைத்தார். டாக்டர் அழுத்தச் சொன்ன ரப்பர் பந்து அலுத்துப்போக, அக்காவின் பழைய பிளாஸ்டிக் கிட்டாரைத் தேடி எடுத்தாள். மஞ்சள் பட்டன் மோதிர விரலுக்கு. அழுத்தி அழுத்தி, கடைசியில் அந்தப் பட்டனே உடைந்துபோனது. வீட்டில் அம்மா வாளியைத் தூக்க விடுவதில்லை. அக்கா கத்தியைத் தொட விடுவதில்லை. 'ஐயோ பாவம்' என்ற அந்தப் பார்வை... விரலைவிட அதுதான் வலித்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். அறுபத்தொரு சதவீதத்தில் பாட்டு நின்றது.

அடுத்து அவன். டிவியை ஒட்டி நின்று, அவன் எங்கே தப்பு விடுவான் என்று காத்திருந்தாள். அவன் விரல்கள் பட்டன்களின் மேல் தண்ணீராய் ஓடின. தோற்றோம் என்று அவள் நினைத்த வேளையில் விரல்கள் தடுமாறின. ஐம்பத்தெட்டில் நின்றுபோனது. காதுவரை சிவந்து, மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து பேட்டரி வாங்கப் போனபோது கடைக்காரர் வாய்தவறி உளறினார். கடைக்கு அடிக்கடி வரும் அவன், அந்தப் பாட்டைத் தப்பில்லாமல் கடைசிவரை வாசிப்பவனாம். அவள் விரலைப் பார்த்துத்தான் விட்டுக்கொடுத்திருப்பானாம்.

அவளுக்குச் சுருக்கென்றது. இவனுமா?

மறுநாள் சாயங்காலம் கிட்டாரோடு கடைக்கு வந்தவள், கடைக்காரரை விட்டே அவனுக்கு போன் போடவைத்தாள். வேலை முடிந்த கையோடு ஓடிவந்தான்.

"எனக்கு யார் போட்ட பிச்சையும் வேண்டாம்" என்று கிட்டாரை நீட்டினாள். "விரல் மடங்கலைன்னா என்ன, தோக்கக்கூடவா எனக்குத் தெரியாது? இப்ப ஒழுங்கா வாசிங்க."

"விரலா? எந்த விரல்?"

அவள் கையைக் காட்டினாள். அவன் நிஜமாகவே இப்போதுதான் அந்தத் தழும்பைப் பார்த்தான். கிட்டாரை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"வாசிக்கிறேன். ஆனா நீங்க எனக்குப் பின்னாடி நிக்கணும்."

"ஏன்?"

"அன்னிக்கு டிவி பக்கத்துல நின்னீங்க... புள்ளியைப் பார்க்கவா, உங்க கண்ணைப் பார்க்கவா... ரெண்டையும் சேர்த்துப் பார்க்க முடியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் ஓடிட்டேன்."

கடைக்காரர் அவசரமாக அலமாரியைத் துடைக்கப் போனார். எல்லோரும் முதலில் பார்க்கும் அந்த விரலை... இவன் பார்க்கவே இல்லை. மெல்ல நடந்து அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

அவன் பாட்டைக் கடைசிவரை வாசித்து முடித்தான்.

அவள் முறை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மஞ்சளை விரட்டினாள். எழுபது... எண்பது... எண்பத்து நாலில் விரல் பிந்தியது. திரை அணைந்தது. தோற்றுவிட்டாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக யாரும் இரக்கப்படாமல் தோற்றிருக்கிறாள். அடக்க முடியாமல் சிரித்தாள்.

"கிட்டார் உங்களோடது" என்று வாரைக் கழற்றி நீட்டினாள்.

"அப்ப உங்க பயிற்சி?"

"பதினாறு சதவீதம் பாக்கி இருக்கு. விடமாட்டேன். கிட்டார் இருக்கிற இடத்துக்கு நானே வர்றேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்கு... முதல்ல நீங்க எங்க வீட்டுக்கு வந்து கேக்கணும்."

"எதை? கிட்டாரைத்தான் குடுத்துட்டீங்களே..."

"என்னை" என்றாள்.