வாரேன்

பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போனதும் செல்லூர் சந்துகளில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகள் எல்லாம் சட்டென்று நின்றன. அன்னக்கொடி வீட்டு உள்ளறையில் மட்டும் ஒரு சத்தம் நிற்கவில்லை.

சர்ரென்று ஏறி, கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு இறங்குகிற அந்த அலைச் சத்தத்தைப் போன வாரம்தான் அவள் முதன்முதலாகக் கேட்டிருந்தாள். பினாங்கில் வெல்டிங் வேலை பார்க்கும் மகன் அசோக்குமார் அவளை அழைத்துப்போய், மசூதியும் சீனர் கோயிலும் மாரியம்மன் கோயிலும் அடுத்தடுத்து நிற்கிற தெருக்களையும் கடற்கரையையும் காட்டினான். கரையோரம் கூரை சரிந்த பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்று. மிளகும் ஈரச்சாக்கும் கலந்த வாடை அவளை உள்ளே இழுத்தது. பரவை மார்க்கெட்டில் வெங்காயம் தரம்பிரிக்கிறவளுக்குச் சாக்கு வாடை புதிதல்ல. இருட்டில் சிலர் குத்தவைத்திருந்தார்கள். நம்ம சனம்போல என்று நினைத்து, திரும்பும்போது வாய்ப்பழக்கத்தில் சொன்னாள்.

"வாரேன்ய்யா."

"வா தாயி" என்றன பல குரல்கள்.

வெளியே நின்ற அசோக்குமார் மிரண்டான். "யாருகிட்டம்மா பேசுன? உள்ள ஒருத்தரும் இல்ல. அந்தக் காலத்துல கப்பல்ல வந்த நம்மாளுக காய்ச்சல்ல கெடந்து செத்த எடம் அது."

எழவு வீட்டில்கூட யாரும் 'வாரேன்' என்று சொல்லிக் கிளம்புவதில்லை.

இப்போது உள்ளறையிலிருந்து அதே மிளகு வாடை. கதவை இழுத்துத் தாழ் போட்டாள்.

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அவள் புருசன் நல்லகாமன் லோடு இறக்கக் கிளம்பினான். மூட்டை விழுந்து நசுங்கியதில் இடது கால் பெருவிரல் போயிருந்தது; அந்தக் காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடப்பான்.

"ஏய்யா, இன்னிக்கு ஒண்ணும் சொல்லாமப் போயிரு."

"ஏன்டி?"

"அந்த வார்த்தை இங்க வேணாம். அந்தக் கிட்டங்கி ஆளுக என்னையக் கூட்டிப்போக உள்ளறைக்கு வந்துருக்காக. அலைச் சத்தம் ஒனக்குக் கேக்கலயா?"

"பிளேன்ல போயிட்டு வந்ததுல காது அடைச்சுப்போச்சு ஒனக்கு." சிரித்தான். "உசுரோட இருக்கற வீட்லருந்து எழவு வீடு மாதிரி வாயப் பொத்திட்டுப் போகவா?"

அவள் கையைப் பிடிப்பதற்குள் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

"வாரேன்டி!"

"வா" என்றது உள்ளறை.

அவள் வாயே திறக்கவில்லை. அவனும் அதைப் பார்த்தான்.

"எவன்டா அது, என் வீட்டுக்குள்ள?"

"போகாதய்யா!"

அவளைத் தள்ளினான். தாழை நீக்கினான். உள்ளே போனான்.

அலைச் சத்தம் நின்றது.

கரண்ட் வந்தது. தறிகள் கடகடத்தன. பல்பு எரிந்தது. ஜன்னல் இல்லாத அறை. யாரும் இல்லை.

தரையில் ஈரக் கால்தடங்கள். பெரியதும் சிறியதுமாக. பின்சுவர்வரை போய், அங்கேயே முடிந்தன. கடைசித் தடத்தில் பெருவிரல் இல்லை.

சுவருக்குள்ளிருந்து, வெகுதூரத்திலிருந்து, அவன் குரல்.

"வாரேன்டி."

அவன் பின்னால் பல குரல்கள்.

"வாரோம்."

பதில் சொல்லிவிடாமலிருக்க அன்னக்கொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வான்னு சொல்லுடி" என்றான் அவன்.

சுவர் ஈரமாகிக்கொண்டிருந்தது.